பூனை 6.8 கிலோ ஆயிடுச்சு, எப்படி குறைக்கிறது?

எங்க வீட்டு நாட்டுப்பூனை, ஆண், 5 வயசு. கருத்தடை ஆபரேஷனுக்கு அப்புறம் ஏறிக்கிட்டே போகுது, டாக்டர் 5 கிலோ கிட்ட வரணும்னு சொல்லிட்டாரு. கிண்ணத்துல எந்நேரமும் ட்ரை ஃபுட் கிடக்கும், அது போக அம்மா மீன் ஆய உக்காந்தா பக்கத்துலயே வந்து குந்திக்கும், தலையும் குடலும் அதுக்குத்தான். ரெண்டு நாள் பட்டினி போட்டுப் பாப்போம்ங்கிறாரு அப்பா, போடலாமா?

பதில் 1:
ஐயோ பட்டினி மட்டும் வேணாம்ங்க! குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தாலே கொழுப்பு கல்லீரல்ல போய் சேந்து உயிருக்கே ஆபத்தாயிடும். வாரத்துக்கு எடையில 1 சதவீதம், அதாவது உங்களுதுக்கு 70 கிராம் மாதிரி குறைஞ்சா போதும், எப்படியும் ஆறேழு மாசம் இழுக்கும். ஒரு நாளைக்கு எத்தன கிராம்னு டாக்டர்கிட்டயே கேட்டு, கிச்சன் தராசுல நிறுத்து வைங்க, டம்ளர் அளவெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

பதில் 2:
ட்ரை ஃபுட்ல பாதிய வெட் ஃபுட்டா மாத்துங்க, தண்ணி சத்து ஜாஸ்தி, வயிறு நிறையும். எங்களுது மூணு மாசமா இளைக்கவே இல்ல, அப்புறம் பாத்தா எதிர் வீட்டுலயும் டெய்லி டிபன் சாப்டுட்டு இருந்திருக்கு, திருட்டுப்பய!

கேள்வி கேட்டவர்:
எதிர் வீடு இல்லங்க, எங்க பாட்டியேதான். ராத்திரி யாருக்கும் தெரியாம ஒரு கிண்ணம் பால் ஊத்துறாங்களாம்.