பக்கத்து சீட்டுக்காரர் மேல வர்ற கோபம் உச்சத்துல இருக்கற பெரும் பணக்காரன் மேல ஏன் வரமாட்டேங்குது? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

நானே ஆரம்பிச்சு வைக்கறேன். ஆபீஸ் பிரிண்டர்ல என் கூட வேலை பாக்குறவரோட பே ஸ்லிப் கிடந்துச்சு, பாக்கக் கூடாதுதான், பாத்துட்டேன். அதே வேலை, என்னைவிட கொஞ்சம்தான் ஜாஸ்தி, ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, மூணு நாள் அந்த மனுஷன்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அதே வாரம் கம்பெனி ஆண்டறிக்கை வந்துச்சு, அதுல எம்டி சம்பளம் போட்டிருக்கு, நான் இன்னும் ரெண்டு ஜென்மம் எடுத்து வேலை பாத்தாலும் அதைத் தொட முடியாது. "அடேங்கப்பா"ன்னுட்டு பக்கத்தைத் திருப்பிட்டேன், அவ்ளோதான். ரன்சிமன்னு ஒரு பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1966லயே இதைத்தான் சொல்லியிருக்கார், ஜனங்க தன்னை ஒத்த ஆளுங்களோடதான் ஒப்பிட்டுப் பாப்பாங்க, எட்டாத உயரத்துல இருக்கறவனோட இல்லன்னு. படிச்சப்ப கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு.

----

எனக்கு நடந்தது வேற மாதிரி. ஓவர்டைம் காசு ஒழுங்கா வரல, எல்லாரும் டீ டைம்ல கத்துவோம், சரின்னு நானே ஒரு லெட்டர் எழுதி கையெழுத்துக்கு சுத்துல விட்டேன். "சூப்பர்ப்பா, இப்படித்தான் கேக்கணும்"னு தோள்ல தட்டாத ஆள் இல்ல. சாயங்காலம் பேப்பர் திரும்பி வந்தப்ப மொத்தமே நாலு கையெழுத்து, அதுல ஒண்ணு பென்சில்ல! கடைசில காசு வந்துச்சு, போடாதவங்களுக்கும் சேர்த்துத்தான். எனக்கு மட்டும் நைட் ஷிஃப்ட் கூடுதலா வந்துச்சு 😀 மான்கர் ஓல்சன்னு ஒரு பொருளாதார நிபுணர் 1965ல எழுதினது இதுதான், பலன் எல்லாருக்கும் பொதுன்னா செலவை அடுத்தவன் பாத்துக்கட்டும்னுதான் ஒவ்வொருத்தனும் ஒதுங்குவான். அவங்களை நான் திட்டல, வீட்டு லோன் இருக்கறவன் என்ன பண்ணுவான்.

----

என் மச்சான் வாடகைக்கு கார் எடுத்து ஓட்டுறார். பெரும் பணக்காரங்களுக்கு வரி கூட்டணும்னு பேச்சு வந்தா முதல் ஆளா எதிர்ப்பார். ஏன் மச்சான்னா, "நாளைக்கு நானும் சம்பாதிப்பேன்ல, அப்ப எனக்கும்தானே போடுவான்"ங்கறார். சிரிச்சிடாதீங்க, சீரியஸாத்தான் சொல்றார்.

ஹிர்ஷ்மன்னு ஒரு பொருளாதார நிபுணர் 1973ல சொன்ன சுரங்கப்பாதை உதாரணம் அப்படியே பொருந்தும். சுரங்கத்துக்குள்ள டிராஃபிக்ல ரெண்டு வரிசையும் நிக்குது, பக்கத்து வரிசை நகர ஆரம்பிச்சா நமக்கும் சந்தோஷம்தான், அடுத்து நாமதான்னு நெனப்போம். அது மட்டும் போய்க்கிட்டே இருந்து நம்ம வண்டி நின்ன இடத்துலயே நின்னாத்தான் கடுப்பாகும். மச்சான் இன்னும் அந்த முதல் கட்டத்துலயே இருக்கார், பத்து வருஷமா.

----

எல்லாரும் ஜனங்களுக்கு அக்கறை இல்லங்கற மாதிரியே பேசறீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பகல்ல ஒரு வேலை, ராத்திரி கணக்கு எழுதற வேலைன்னு ரெண்டு வேலை பாத்த காலத்துல பஸ்ல நின்னுக்கிட்டே போன்ல ஒரு செய்தி படிச்சேன், 2022 உலக சமத்துவமின்மை அறிக்கை பத்தி, உலக வருமானத்துல 52% மேல இருக்கற 10% பேருக்குப் போகுது, கீழ இருக்கற பாதி பேருக்கு வெறும் 8.5%. கோபம் வந்துச்சு, நிஜமாவே வந்துச்சு, அதுக்குள்ள ஸ்டாப் வந்துடுச்சு, இறங்கி ஓடினேன். எந்தக் கதவைப் போய் தட்டறது சொல்லுங்க? 2011 செப்டம்பர்ல நியூயார்க்ல, மேல இருக்கற 1% பணக்காரங்களை எதிர்த்து "நாங்க 99%"னு பார்க்ல போய் உக்காந்தாங்களே, ரெண்டே மாசத்துல போலீஸ் காலி பண்ணிடுச்சு. அங்க ராத்திரி பகலா உக்கார்றதுக்கும் நேரம் வேணும்ல, மறுநாள் காலைல ஷிஃப்ட் இருக்கறவன் எப்படிப் போவான்.

----

லெட்டர் எழுதினவரே, அந்தப் பென்சில் ஆளை விசாரிச்சீங்களா?

----

கேட்டேன். பேனால மை தீந்துடுச்சுன்னார். சட்டைப் பையில ரெண்டு பேனா சொருகியிருந்துச்சு.