அமீனில் அமிலம் பிரித்தவர்களே, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பிரிபுனல்:
தண்ணீரில் லாக்டிக் அமிலம், அதை இழுத்துக்கொள்ள கெரோசினில் கரைத்த டிரைஆக்டைல் அமீன். மற்றது உங்களுக்கே தெரியும். குலுக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தால் புனலில் மூன்று அடுக்கு. கீழே தண்ணீர், மேலே தெளிந்த கெரோசின், நடுவில் ஒரு விரல் அகலத்துக்குத் தேன் மாதிரி ஏதோ ஒன்று. கெரோசினும் தண்ணீரும் கலந்த குழம்பு இன்னும் பிரியவில்லை என்று நினைத்து அரை மணி நேரம் பார்த்தேன். அசையவில்லை. தண்ணீரை இறக்கிவிட்டு, அந்த நடு அடுக்கை வடித்துக் கழிவுக் குடுவையில் ஊற்றினேன். மேலடுக்கை டைட்ரேஷன் செய்தால் (காரம் சேர்த்து அமிலத்தை அளந்தால்) அமிலம் ஏறக்குறைய இல்லை. தண்ணீரிலோ பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. அப்படியானால் எங்கே போயிற்று? இரண்டு நாள் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் கழிவுக் குடுவையைக் கழுவப் போனபோதுதான் உறைத்தது. அந்தத் தேன்தான் என் அமிலம். ஊற்றும்போது "அப்பாடா, ஒழிந்தது" என்று வாய்விட்டுச் சொன்னேன், அது இன்னும் காதில் கேட்கிறது.

நொதிச்சாறு:
எனக்கு நேர்மாறாக நடந்தது. அமிலம் வந்துவிட்டது என்று கொண்டாடினேன்.

நொதித்த சாற்றின் பி.எச். 6. லாக்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. (பாதி அமிலம் அயனியாகப் பிரிந்திருக்கும் பி.எச்.) 3.86, அதனால் 6-இல் பிரிகையடையாத அமிலம் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மூன்றாம்நிலை அமீன் அதைத்தானே பிடிக்கும்? சரி என்று கந்தக அமிலத்தைத் தாராளமாக விட்டு 2-க்கும் கீழே இறக்கினேன். கரிம அடுக்கை, அதாவது அமீன் இருக்கும் மேலடுக்கை, டைட்ரேஷன் செய்தால் அமீன் கழுத்துவரை நிரம்பியிருக்கிறது! வழிகாட்டியிடம் ஓடினேன். எண்ணைப் பார்த்தார், தலையை நிமிர்த்தாமல் "எந்த அமிலம்?" என்றார். அவ்வளவுதான். கலவையிலுள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் போட்டபோது லாக்டிக் அமிலம் பெரும்பாலும் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தது. அமீன் முதலில் விழுங்கியது நான் ஊற்றிய கந்தக அமிலத்தை.

பழையகை:
நானும் ஒருமுறை மூன்றாம் அடுக்கு பார்த்திருக்கிறேன், சிட்ரிக் அமிலத்தில். அது கிடக்கட்டும். பிரிபுனல், ஆக்டனால் என்ற ஆல்கஹாலைச் சேர்க்காமல் வெறும் கெரோசினில் யார் இறங்குவார்கள்? அமீனும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் கூட்டுப்பொருள் முனைவுள்ளது, கெரோசின் அதைக் கரைக்காமல் தள்ளிவிடும். ஆக்டனாலோ ஐசோடெக்கனாலோ கொஞ்சம் இருந்தால் கரைந்து நிற்கும். அதற்காக அள்ளி ஊற்றவும் கூடாது, அமிலத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், திரும்ப எடுக்கும்போது விடாது. நொதிச்சாறு, உங்களுக்கு ஒன்று: பி.எச். 6-இலேயே வேலை நடக்க வேண்டுமானால் அலிக்வாட் 336 இருக்கிறது. நான்காம்நிலை அம்மோனியம் உப்பு என்பதால் அயனியையும் இழுக்கும். ஆனால் இழுத்ததைக் கக்க வைப்பது பெரும்பாடு. திரும்ப எடுப்பதைப் பற்றிப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. அமிலத்தைக் குளிரில் அமீனில் ஏற்றி, சூட்டில் வெந்நீரால் இறக்கலாம். சிட்ரிக் அமிலத்துக்குப் பேனியல் குழு 1981-இல் வாங்கிய காப்புரிமையின் சாரம் அதுதான். சுண்ணாம்பு போட்டு, கந்தக அமிலம் போட்டு, ஜிப்சத்தை மலையாகக் குவிக்கும் பழைய வழியைவிட அது எவ்வளவோ மேல். காரம் போட்டு இறக்கினால் கையில் கிடைப்பது உப்பு, அமிலம் அல்ல. அப்புறம், பிரித்து முடித்த சாற்றை மறுபடி நொதிகலனுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் வேண்டாம். கரைந்திருக்கும் கொஞ்சம் அமீனும் ஆக்டனாலுமே பாக்டீரியாவை வாட்டிவிடும்.

பிரிபுனல்:
பழையகை, நான் கேட்டது சம்பவம்! ஆக்டனால் பற்றி எனக்கும் தெரியும். நீர்த்த கரைசலில் அதே கலவை இரண்டு அடுக்காகத்தான் நின்றது, அந்தத் தைரியத்தில்தான் அமிலச் செறிவை ஏற்றினேன். அமீன் நிரம்ப நிரம்பத்தான் அது பிரிந்தது.

பழையகை:
ஏற்றும்போது படிப்படியாக ஏற்றியிருக்கலாமே.

மூடிபறந்தவன்:
உங்கள் சண்டைக்கு நடுவில் என்னுடையது சின்னது. அமிலம் ஏறிய அமீனிலிருந்து சோடியம் கார்பனேட் கரைசலால் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன். பிரிபுனலில் ஊற்றி, மூடியை அழுத்தி, கவிழ்த்து, வழக்கம்போல் குலுக்கினேன். அமிலமும் கார்பனேட்டும் சேர்ந்தால் என்ன வரும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் மனம் முழுக்க அடுக்கு எப்போது பிரியும் என்பதிலேயே இருந்தது. உள்ளங்கையில் மூடி முட்டுவதை உணர்ந்தேன். அடுத்த நொடி மூடி எங்கோ போயிற்று, முகக் கண்ணாடியில் அமீன் வழிந்தது. ஒரு வாரத்துக்கு என் கோட்டு மீன் நாற்றம் நாறியது.

பழையகை:
நடுவில் குழாயைத் திறந்து வாயுவை வெளியேற்றவில்லையா?

மூடிபறந்தவன்:
ஒரு தடவை திறந்தேன். புஸ்ஸென்று நிறைய வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் இரண்டாம் தடவை குலுக்கினேன்.