நைலான் வலைச் சாயம்: மேலே ஒட்டுகிறதா, உள்ளே இறங்குகிறதா?

மண்டபம் வலைக்காரர்:
நண்டு வலையைப் பச்சைச் சாயத்தில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன். வடகடலில் பத்து நாள் போட்டு இழுத்ததும் வெளுத்துவிட்டது. அப்பா காலத்துப் பருத்தி வலை மரப்பட்டைச் சாற்றை உறிஞ்சும். நைலான் உறிஞ்சாது, சாயம் வெறும் மேல்பூச்சுதான். காசுக்குக் கேடு.

பாம்பன் தம்பி:
உறிஞ்சாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. நான் சாயப்பட்டறையில் இருந்தவன். நைலான் 6 என்ற வகை முழுக்க ஊறினால் தன் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீர் குடிக்கும். நெருங்கிக் கிடக்கும் மூலக்கூறுச் சங்கிலிகளை அந்தத் தண்ணீர் தளர்த்தும். சூடும் சேர்ந்தால் அவை அசைந்து இடம் விடும், சாயம் அந்த இடைவெளியில் நுழையும். சூடாக்காத தண்ணீரில் அசைவு மந்தம். அதனால்தான் பட்டறையில் கொதிநிலையை ஒட்டிச் சூடாக்குவோம். அமிலச் சாயம் என்றால் கொஞ்சம் வினிகரும் வேண்டும். சங்கிலி நுனியில் இருக்கும் அமின் என்ற நைட்ரஜன் தொகுதி அப்போது நேர்மின் ஏற்றுச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இழையைப் பிளேடால் குறுக்கே வெட்டி லென்ஸில் பாருங்கள். ஓரத்தில் மோதிரம் மாதிரிப் பச்சை, நடுவில் வெள்ளை என்றால் பாதி வழியில் நின்றிருக்கிறது.

மண்டபம் வலைக்காரர்:
பார்த்தேன். மோதிரம்தான், மெல்லிசாக. சரி, மேல்பூச்சு என்றது தப்பு. ஆனால் கொதிக்கவைத்தால் வலை சுருங்குமே தம்பி! கண்ணி சிறுத்தால் குஞ்சு நண்டெல்லாம் மாட்டும், அது பாவம். இன்னொன்று, போன வருஷம் வலையின் மேல்விளிம்பில் கட்டும் தலைக்கயிற்றை வேகவைத்தே பார்த்தேன். சாயம் துளிகூட ஏறவில்லை.

கீழக்கரை அக்கா:
அந்தக் கயிறு கடலில் மிதக்கிறதா? நைலான் மூழ்கும். மிதந்தால் பாலிஎத்திலீனோ பாலிபுரொப்பிலீனோதான். அவை தண்ணீரும் குடிக்காது, சாயத்தைப் பிடிக்கும் நுனியும் அவற்றில் கிடையாது. ஆலையில் உருக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடுவார்கள்.

சுருக்கம் பற்றி அண்ணன் சொல்வது நியாயம். தம்பி, பட்டறைத் துணியும் நண்டு வலையும் ஒன்றல்ல.

பாம்பன் தம்பி:
சுருக்கத்தை நான் யோசிக்கவில்லை அக்கா. அப்படியென்றால் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டலாம். இழை இரு மடங்கு தடித்தால் நடுவரை இறங்க நான்கு மடங்கு நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மண்டபம் வலைக்காரர்:
உள்ளே போன வழியில் வெளியேயும் வரும், வெயிலும் நிறத்தைத் தின்னும். அந்தச் சந்தேகம் எனக்குப் போகவில்லை. இருந்தாலும் கிழிந்த வலையில் நூறு கண்ணி அளந்து வெட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கு வெந்நீரில் போட்டுவிட்டு மறுபடி அளக்கிறேன்.