ராம் (நினைவக அட்டை) செருகும்போது மதர்போர்டு வளைகிறது

கேள்வி: பழைய ஏ.டி.எக்ஸ் (வழக்கமான முழு அளவு) கேபினட்டில் 244 மி.மீ. சதுரமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ் (அதைவிடச் சிறிய அளவு) மதர்போர்டைப் பொருத்தினேன். திருகுகளை முடுக்கிய பிறகும், ராம் செருகும்போது ஒரு மூலை கீழே வளைகிறது. என்ன காரணம்?

பதில் 1: அந்த மூலைக்குக் கீழே பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டைக் கேபினட் தகட்டிலிருந்து உயர்த்தித் தாங்கும் சிறு திருகுத்தூண்) இல்லாமல் இருக்கலாம். போர்டைக் கழற்றி, துளைகளுக்கு நேராக மட்டும் ஸ்டாண்டாஃப்களைப் பொருத்துங்கள்; பழைய போர்டுக்காக வைத்த ஒன்று துளையில்லாத இடத்தில் எஞ்சியிருந்தால், அது அடிப்பக்கச் சால்டர் முனைகளைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடக்கூடும் என்பதால், அதை அகற்றிவிடுங்கள்.

பதில் 2: கேபினட்டின் பின்பக்கத்தில், போர்டின் இணைப்புத் துளைகளைச் சுற்றியுள்ள தகட்டின் உலோக நாக்குகள் போர்டை முன்னே தள்ளும். ஆகவே எல்லாத் திருகுகளையும் முதலில் தளர்வாக மாட்டி, பிறகு குறுக்காக மாறி மாறி முடுக்குங்கள். (கைத்திருப்புளியே போதும்.)

கேட்டவர்: நடுவில் ஒரு ஸ்டாண்டாஃப் தேவையின்றி நின்றிருந்தது. அதையே மூலைக்கு மாற்றினேன், இப்போது வளையவில்லை. நன்றி.