லோ கார்ப்பில் பழம்: அளந்து சாப்பிடலாமா, அறவே விட வேண்டுமா?

வைப்பாற்றுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 46, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் சோதனை) 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய எல்லைக்கோடு. மாத்திரை எதுவும் இல்லை. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார், நான் லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைத்த உணவு முறை, ஆரம்பித்துவிட்டேன். ஒரு நாளைக்கு மாவுச்சத்து (சர்க்கரையும் சேர்த்து) 80 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். காலையில் முட்டை, மதியம் கொஞ்சம் சோற்றுடன் நிறையக் காய், மீன் அல்லது கோழி, இரவுக்குப் பனீர். எடை இறங்குகிறது. சிக்கல் பழத்தில்தான். கொல்லையில் கொய்யா காய்த்துக் கிடக்கிறது. பேலியோவில் (தானியமும் சர்க்கரையும் தவிர்க்கிற உணவு முறை) இருக்கும் நண்பர் "பழம் என்றால் சர்க்கரைதான், தொடாதே" என்கிறார். டாக்டர் "தினமும் ஒரு பழம் சாப்பிடுங்கள்" என்கிறார். இதில் யார் பேச்சைக் கேட்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பேலியோ பாண்டியன்:
நண்பர் சொன்னதுதான் சரி. வேகவைத்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. அதே எடை வாழைப்பழத்தில் 23. பலாச்சுளையிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பேரீச்சம்பழத்தில் முக்கால்வாசி மாவுச்சத்து. சோற்றை ஒதுக்கிவிட்டு இரண்டு வாழைப்பழம் சாப்பிடுகிறவர் எதைத்தான் விட்டார்? வைட்டமின் சி வேண்டுமா, நெல்லிக்காயும் எலுமிச்சையும் குடைமிளகாயும் இருக்கின்றன. நார்ச்சத்து வேண்டுமா, கீரையும் அவரைக்காயும் இருக்கின்றன. பழத்தில் மட்டுமே கிடைக்கிற சத்து என்று ஒன்றைக் காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். எல்லைக்கோட்டில் நிற்பவர் முதலில் சுகரை இறக்கட்டும். கொய்யா மரம் எங்கும் ஓடிப்போகாது.

மலர் (உணவியல்):
பாண்டியன் சார், வாழை, பலா, பேரீச்சை மூன்றையும் முன்னால் நிறுத்திவிட்டு எல்லாப் பழத்துக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். அவர் கேட்டது கொய்யா. 100 கிராம் கொய்யாவில் மாவுச்சத்து சுமார் 14 கிராம், அதில் 5 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. நார்ச்சத்து சுகரை ஏற்றாது, அதைக் கழித்தால் நிற்பது 9. பப்பாளியும் அதே 9தான். தர்பூசணி 7, ஸ்ட்ராபெரி 6க்குள், பட்டர் ஃப்ரூட் 2க்கும் கீழ். ஆப்பிள் 11, மாம்பழம் 13, மாதுளையும் சப்போட்டாவும் 15ஐ ஒட்டி. நீங்கள் 23 என்று சொன்ன வாழையும் நார்ச்சத்தைக் கழித்தால் 20. இரண்டுக்கும் இருபதுக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் "பழம்" என்ற ஒரே சட்டம் போட்டால் யாருக்கு லாபம்?

வைப்பாற்றுக்காரன் சார், உங்கள் கணக்கு 80 கிராம். 150 கிராம் கொய்யா ஒன்று சாப்பிட்டால் 13, 14 கிராம் போகும். அது 50 கிராம் சோற்றுக்குச் சமம். அந்தச் சோற்றை மதியம் எடுத்துவிட்டால் கொய்யா தாராளமாக உள்ளே வரும். எடுக்காமல் கொய்யாவை மேலே ஏற்றினால்தான் தப்பு.

இன்னொன்று. லோ கார்ப் என்று எல்லோரும் ஒரே அளவைச் சொல்வதில்லை. 130 கிராமுக்குக் கீழே போனாலே அந்தப் பெயர் வந்துவிடுகிறது. கீட்டோ என்ற இன்னும் கடுமையான முறை என்றால் 20 முதல் 50 கிராம். 20 கிராமில் இருப்பவருக்கு ஒரு மாம்பழத்தோடு அன்றைய கணக்கே முடிந்துவிடும். 80 கிராமில் இருப்பவருக்கு அதே சட்டத்தைச் சொல்லக் கூடாது.

தென்காசி வாத்தியார்:
என் வயதுக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தோப்பில் விளைந்த பழத்தைத் தின்று யாருக்கும் சுகர் வந்து நான் பார்த்ததில்லை. மைதாவும் பாக்கெட் தீனியும் வந்த பிறகுதான் இவ்வளவும். நான் இரவில் சோறு, இட்லி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழம் மட்டும்தான் சாப்பிடுகிறேன். ஒரு தட்டு நிறைய. இயற்கை கொடுத்ததை எதற்குத் தராசில் வைக்க வேண்டும்?

பேலியோ பாண்டியன்:
அய்யா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் இதை விட முடியாது. அந்த ஒரு தட்டைக் கணக்குப் போடுவோம். பப்பாளி 200 கிராம், ஒரு வாழைப்பழம், ஒரு ஆப்பிள், ஒரு கை மாதுளை முத்து. நார்ச்சத்தைக் கழித்தபிறகும் 70 கிராம் வந்து நிற்கிறது. அது கால் கிலோ சோறு. அதோடு புரதம் இல்லை, கொழுப்பு இல்லை. பாதி ராத்திரியில் பசிக்கும். ஊரில் பாதிப் பேர் "நான் இரவில் பழம்தான்" என்று சொல்லிக்கொண்டே சுகரை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் பழமே வேண்டாம் என்பது இதைப் பார்த்துத்தான்.

மலர் (உணவியல்):
வாத்தியார் அய்யா, இந்த ஒரு விஷயத்தில் நான் பாண்டியன் சார் பக்கம். பழத் தட்டு இரவு உணவாகாது. ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே ஒரு நாளைக்குப் பழம் 100 கிராம், காய்கறி 400 கிராம் என்றுதான் இருக்கிறது. லோ கார்ப் இல்லாத சாதாரண ஆட்களுக்கே அந்த அளவு.

பழமண்டி:
பழ வியாபாரம் பார்க்கிறவன், அதனால் என் பேச்சை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயக்குடிப் பக்கத்திலிருந்துதான் எங்களுக்குக் கொய்யா வருகிறது. சுகர்காரர்கள் கேட்டால் நான் செங்காய்தான் எடுத்துக் கொடுப்பேன். கரும்பச்சை போய் வெளிர்ப்பச்சை வந்திருக்கும், காம்புப் பக்கம் மட்டும் லேசாக மஞ்சள் தட்டியிருக்கும், கட்டை விரலால் அழுத்தினால் உள்வாங்காது. கடித்தால் நறுக்கென்று இருக்கும், மென்று விழுங்கவே நேரம் ஆகும். ஒன்றுக்கு மேல் கேட்காது. அதுவே இரண்டு நாள் கூடையில் கிடந்து மஞ்சளாகி, மணம் தூக்கி, தொட்டால் குழைகிற பழம் என்றால் உட்கார்ந்த இடத்தில் மூன்று உள்ளே போய்விடும்.

வாழையிலும் அப்படித்தான். காயில் மாவாக இருப்பது பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாகிறது. தோலில் கரும்புள்ளி விழுந்த கற்பூரவல்லியைச் சுகர்காரர் கேட்டால் எனக்கே மனசு வராது. ஆசைக்கு ஒன்று வேண்டும் என்றால் ஏலக்கி எடுங்கள். தோல் உரித்தால் 40, 50 கிராம்தான் வரும்.

அப்புறம் தர்பூசணி பற்றி ஒரு வார்த்தை. 100 கிராமில் 7 கிராம்தான், சரி. ஆனால் யார் 100 கிராம் சாப்பிடுகிறார்கள்? ஒரு கீற்று நறுக்கினால் அரைக் கிலோ வந்துவிடும்.

அடுப்படி அரசி:
பழமண்டி அண்ணா சொல்வது உண்மை. எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு இலைச் சாப்பாடு மாதிரி சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றுச் சோறு முடித்துவிட்டு, "செரிமானத்துக்கு" என்று ஒரு பூவன் பழம் உரிக்க வேண்டும். சுகர் ஏறினால் பழி பூவன் மேல் விழும். அதற்கு முன்னால் போன சோற்றை யாரும் பேசுவதில்லை. நான் சோற்றைப் பாதியாக்கி, முதலில் பொரியலும் கூட்டும் மீனும் சாப்பிட வைக்கிறேன். பழம் சாயங்காலம், கொஞ்சம் வேர்க்கடலையோடு, கொய்யா இல்லாவிட்டால் பப்பாளி. பூவன் போராட்டம் இன்னும் முடியவில்லை.

இங்கே யாரும் ஜூஸைப் பற்றிப் பேசவில்லையே? ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்கு நாலு பழம் பிழிகிறோம். சக்கையைக் குப்பையில் போட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கிறோம், கடையில் அதற்கு மேலும் ஒரு கரண்டிச் சீனி. "சர்க்கரை சேர்க்காதது" என்று விற்கிற பேரீச்சை லட்டும் அந்த ரகம்தான்.

மலர் (உணவியல்):
அரசி அக்கா, ஜூஸ் விஷயத்தில் ஆராய்ச்சியும் உங்கள் பக்கம். 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில், ப்ளூபெரி, திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்புக் குறைவாக இருந்தது. சாறாகக் குடித்தவர்களுக்குக் கூடியது. 2017இல் சீனாவில் 5 லட்சம் பேரிடம் நடந்த ஆய்விலும் புதுப் பழம் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவு. ஏற்கெனவே நோய் உள்ளவர்களிலும் பழம் சாப்பிட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. பழம் விஷம் என்றால் இது எப்படி நடக்கும்?

பேலியோ பாண்டியன்:
நடக்கும். இரண்டும் கவனித்துப் பார்த்த ஆய்வுகள். பழம் வாங்கிச் சாப்பிடுகிற ஆள் பெரும்பாலும் நடைப்பயிற்சி போகிறவர், புகை பிடிக்காதவர், கொஞ்சம் வசதியானவர். கணக்கில் அதைச் சரிக்கட்டினோம் என்பார்கள், முழுதாகச் சரிக்கட்ட முடியாது. முதல் ஆய்வு அமெரிக்க மருத்துவத் துறைக்காரர்களிடம் நடந்தது. நம் ஆட்களின் உடல்வாகு வேறு. ஒல்லியாக இருப்பான், தொப்பை மட்டும் இருக்கும், கல்லீரலில் கொழுப்பு இருக்கும். சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று செய்து 2023இல் வந்த தேசிய ஆய்வைப் பாருங்கள். நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடிக்கு மேல் எல்லைக்கோட்டில். அந்த நிலையில் இருப்பவனுக்கு அமெரிக்க ப்ளூபெரியைக் காட்டி மல்கோவாவைக் கொடுக்க முடியாது.

என் முக்கியமான பயம் பழத்தில் இருக்கிற ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை. அது குளுக்கோமீட்டரில் தெரியாது. கல்லீரலுக்குப் போகிறது, அளவு மிஞ்சினால் கொழுப்பாகிறது. விரலைக் குத்திப் பார்த்து "ஏறவே இல்லை" என்று சந்தோஷப்படுகிறவர்கள் ட்ரைகிளிசரைடை, அதாவது ரத்தத்தில் உள்ள கொழுப்பை, பார்ப்பதே இல்லை.

மலர் (உணவியல்):
ஃப்ரக்டோஸ் மீட்டரில் தெரியாது என்பது சரியான எச்சரிக்கை, அதை நான் மறுக்கவில்லை. "அளவு மிஞ்சினால்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் நிற்க வேண்டும். 100 கிராம் கொய்யாவில் எல்லாச் சர்க்கரையும் சேர்த்தே 9 கிராம்தான், அதில் ஒரு பகுதிதான் ஃப்ரக்டோஸ். 300 மி.லி. கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, இரண்டு நிமிடத்தில் வயிற்றுக்குள். நார்ச்சத்தோடு மென்று தின்கிற செங்காயையும் அதையும் கல்லீரல் ஒரே மாதிரி பார்க்காது.

உங்களிடம் திருப்பி ஒன்று கேட்கிறேன். லோ கார்ப் ஆரம்பித்த முதல் வாரமே மலச்சிக்கல் என்று வருகிறார்கள். மூன்று வேளையும் முட்டையும் பனீரும். கீரை சாப்பிடுங்கள் என்றால் தலையாட்டுவார்கள், செய்ய மாட்டார்கள். ஒரு கொய்யா கொடுத்தால் சாப்பிடுவார்கள். பழத்தில் மட்டும் கிடைக்கிற சத்து ஒன்றும் இல்லை என்பது தாளில் சரி. ஆள் எதைச் சாப்பிடுவான் என்பதையும் பார்த்துத்தானே எழுதிக் கொடுக்க முடியும்?

பேலியோ பாண்டியன்:
ஆளைப் பார்த்துத்தான் நானும் சொல்கிறேன். ஒரு கொய்யாவோடு நிற்கிறவனுக்கு நான் எதிரி இல்லை. பெரும்பாலானவர் நிற்பதில்லை. நாக்கில் இனிப்பு பட்டுக்கொண்டே இருந்தால் ஆசை அடங்காது. கொய்யாவில் ஆரம்பித்து, சித்திரை பிறந்ததும் மாம்பழத்தில் முடிகிறது. பங்கனப்பள்ளி ஒன்றில் சதை மட்டும் 200 கிராம் இருக்கும், 27 கிராம் மாவுச்சத்து. வீட்டில் வெட்டி வைத்தால் ஒரு துண்டோடு யார் எழுந்திருக்கிறார்கள்? முதல் மூன்று மாதம் முழுதாக விட்டவர்களுக்கு அந்தத் தவிப்பு குறைகிறது. அட்கின்ஸ் என்ற பிரபலமான லோ கார்ப் முறையிலேயே ஆரம்பக் கட்டத்தில் பழம் கிடையாது. பிறகு ஒவ்வொன்றாகத்தான் சேர்ப்பார்கள், அதுவும் ஸ்ட்ராபெரி போன்ற பெரி வகைகளில் தொடங்கி. நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

வைப்பாற்றுக்காரன்:
இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு சோதனை செய்தேன். மதியம் சோறு இல்லாமல் மீனும் புடலங்காய்ப் பொரியலும் சாப்பிட்டேன். பிறகு தராசில் வைத்து 150 கிராம் செங்காய்க் கொய்யா. சாப்பாட்டுக்கு முன் சுகர் 98, ஒரு மணி நேரம் கழித்து 121. இரண்டாவது மணி நேரத்தில் 104. தைரியமாக இருக்கிறது. பாண்டியன் சார் சொன்ன ட்ரைகிளிசரைடையும் எடுக்கப் போகிறேன்.

பேலியோ பாண்டியன்:
இப்போதே எடுத்துவிடுங்கள், கொய்யா வழக்கமாவதற்கு முன். 12 மணி நேரம் வெறும் வயிறு. மூன்று மாதம் கழித்து மறுபடி, அதே ஆய்வகத்தில். ஹெச்பிஏ1சியும் சேர்த்து. இரண்டும் இறங்கியிருந்தால் தொடருங்கள், நானே சொல்கிறேன். ஏறியிருந்தால் கொய்யாவை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

மலர் (உணவியல்):
சோதனை யோசனை சரி. ஏறியிருந்தால் கொய்யாவை நிறுத்துவதற்கு முன்னால் சோற்று அளவையும் தராசில் வைத்துப் பாருங்கள், பொறுப்பு அங்கே இருக்கலாம்.

படிக்கிற மற்றவர்களுக்கு: வைப்பாற்றுக்காரன் சாருக்கு மாத்திரை இல்லை, அதனால் இவ்வளவு சுலபமாகப் பேசினோம். இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற சுகரை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றையும் பழத்தையும் திடீரென்று வெட்டினால் சுகர் தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவை டாக்டரிடம் மாற்றிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். சுகர் தாழ்ந்துவிட்டால் அந்த நேரத்துக்குக் கொய்யா உதவாது. குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோதான் உடனே ஏற்றும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் கணக்கு தனி, இந்த இழையில் சொன்ன அளவுகள் எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது.

அடுப்படி அரசி:
மலர், என் வீட்டுக்காரர் கிளிமெபிரைடுதான் எடுக்கிறார். சோற்றைப் பாதியாக்கியதை டாக்டரிடம் சொல்லவே இல்லை. சாயங்காலம் சில நாள் கை நடுங்குகிறது என்பார்.

மலர் (உணவியல்):
அக்கா, அந்த நடுக்கம் வரும்போது உடனே மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். நாளைக்கே டாக்டரிடம் போங்கள், உணவை மாற்றியதை அளவோடு சொல்லுங்கள். பூவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பேலியோ பாண்டியன்:
அக்கா, இதில் எனக்கும் மலருக்கும் ஒரே கருத்துதான். நாளைக்கே போங்கள்.