மறு: டோசிங் பம்ப்புக்குத் தமிழ்ல என்ன பேர்? 'அளவூட்டி'க்கு என் ஓட்டு

எல்லாருக்கும் வணக்கம்,

பவளம் வளக்குற மீன் தொட்டிக்கு கால்சியம், சோடா கரைசல அளந்து அளந்து தானா ஊத்துற டோசிங் பம்ப்புக்கு தமிழ்ப் பேர் தேடுற இந்த இழைய கொஞ்ச நாளா படிச்சுட்டு சும்மாதான் இருந்தேன், வேளச்சேரி தம்பி போட்டத பாத்ததுக்கு அப்புறம் கை சும்மா இருக்கல.

> சொட்டு சொட்டாதானே விழுது, சொட்டுநீர்ப் பாசனம்னு ஏற்கெனவே இருக்கு, 'சொட்டி'ன்னு வெச்சிரலாமே

தம்பி, கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா இங்க சொட்டு முக்கியமில்ல, அளவுதான் முக்கியம். பவளம் தன்னோட எலும்புக்கூட்ட கட்ட தண்ணில இருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கிட்டே இருக்கும், அது எவ்ளோ எடுத்துச்சோ அவ்ளோ நாம திருப்பிக் குடுக்கணும், கூடினாலும் வம்பு குறைஞ்சாலும் வம்பு. 100 லிட்டர் டேங்க்னு வெச்சுக்கோ, லிட்டருக்கு 84 கிராம் பேக்கிங் சோடா கரைச்ச கரைசல் 36 மில்லி ஊத்தினா காரத்தன்மை ஏறக்குறைய 1 டிகேஎச் (காரத்தன்மைய அளக்குற அலகு) ஏறும். அத காலைல ஒரே மூச்சா கவுக்காம நாள் முழுக்க பிரிச்சா மணிக்கு ஒன்றரை மில்லி. நடுராத்திரி மூணு மணிக்கும் அந்த ஒன்றரை மில்லி தப்பாம போகுது பாரு, அதுக்குத்தான் நாம காச கொட்டுறோம். உயரத்துல கேன் கட்டி சொட்ட விட்டா கேன் காலியாக ஆக சொட்டும் மெதுவாயிரும், 'சொட்டி'ன்னா அந்த செட்டப்தான் மனசுல வரும்.

> பம்ப்புக்கு 'எக்கி' இருக்கு. 'அளவெக்கி' போதாதா?

கொளத்தூர் அண்ணே, எக்கி எனக்கும் புடிச்ச வார்த்த. அதுவும் இந்த பம்ப்புக்கு பொருந்துற மாதிரி வேற எதுக்கும் பொருந்தாது, உருளைங்க சுத்திச் சுத்தி டியூப்ப நெருக்கித் தள்ளுது, வயித்த எக்குன்னு சொல்றோம்ல அதேதான். பெரிஸ்டால்டிக்ங்கிற பேரே குடலோட அலை இயக்கத்துல இருந்து வந்ததுதான். அதனால அந்த வகை பம்ப்புக்கு 'அலையெக்கி'ன்னு தனியா ஒன்னு வெச்சுக்கலாம், டயாலிசிஸ் மெஷின்ல ரத்தத்த ஓட்டுற பம்ப்பும் இதே வகைதான், அங்கயும் உதவும். ஆனா அண்ணே, அது எப்படி தள்ளுதுங்கிறதுக்கான பேர். டோசிங்ங்கிறது எதுக்கு தள்ளுதுங்கிறதுக்கான பேர். தண்ணித் தொட்டியில குளோரின் கலக்குறதுக்கும் டோசிங் பம்ப்தான் வெக்கிறாங்க, அதுல பலதுல உருளையே கிடையாது, ஒரு சவ்வு முன்னும் பின்னும் போய் தள்ளும். அப்புறம் நாம வாங்குற பொட்டி வெறும் பம்ப்பும் இல்ல, நாலு எக்கி, ஒரு கடிகாரம், ஒரு போர்டு, போன்ல ஒரு ஆப், எல்லாம் சேந்ததுதான். அந்த மொத்தத்துக்கும் எக்கின்னு பேர் வெச்சா உள்ள இருக்கிற ஒவ்வொன்னுக்கும் என்ன பேர் வெப்பீங்க?

அதனால பொட்டிக்கு அளவூட்டி. மலைக்குப் போற ஊட்டியான்னு நக்கல் பண்றவங்க பண்ணட்டும். மீனுக்கு தானா தீனி போடுற டப்பாவோட குழம்பும்னு மயிலாப்பூர் அக்கா கேட்டது மட்டும் நியாயமான கேள்வி, அத 'தீனியூட்டி' ஆக்கிட்டா ரெண்டும் ஒரே குடும்பமா அழகா நிக்கும். ஏடிஓ-வ (ஆட்டோ டாப்-ஆஃப் கருவிய) இதுல சேக்க வேணாம். ஆவியான தண்ணிய மட்டம் பாத்து நிரப்புறதுதான் அதோட வேல, அளவு பாக்குறது இல்ல.

பொட்டியில இருக்கிற ஒவ்வொரு பம்ப்பையும் ஹெட்னு சொல்றோம்ல, அதுக்கு 'தலை' வேணாம், குத்துவிளக்குல சொல்ற மாதிரி முகம்னு சொல்லலாம். நாலுமுக அளவூட்டி. சொல்லிப் பாருங்க, வாய்ல நல்லா உக்காருது.

புது வார்த்தைய வாக்கியத்துல போட்டு ஓட்டிப் பாத்தாதான் தெரியும், நம்ம வேலையையே வெச்சு எழுதிப் பாத்தேன்:

"கால்சியத்தையும் சோடாவையும் ஒரே எடத்துல ஒரே நேரத்துல ஊட்டாதீங்க, வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சிரும், ரெண்டுக்கும் நடுவுல கால் மணி நேரமாவது விடுங்க."

"அளவூட்டிய 100 மில்லி ஊட்டச் சொல்லி அளவுக் குடுவையில புடிச்சுப் பாத்தா 92தான் வருது, அளவுத்திருத்தம் பண்ணணும்." டியூப் தளர தளர இது மாறிக்கிட்டே இருக்கும், ஒருதடவ செஞ்சுட்டு மறந்துடக் கூடாது.

"ஊட்டுற டியூப்போட முனை தண்ணி மட்டத்துக்கு மேலயே இருக்கட்டும்." முனை முங்கி, உருளையோட புடியும் தளர்ந்துருச்சுன்னா, கேன் கீழ இருந்தா டேங்க் தண்ணி தானா கேனுக்கு இறங்க ஆரம்பிச்சிரும். கேன் உயரத்துல இருந்தா, முனை மேல இருந்தாலும் கரைசல் டேங்குக்கு இறங்கிரும். மேல சொன்ன சோடா கரைசல் ஒரு லிட்டர் கேன் அப்படியே 100 லிட்டர் டேங்க்ல இறங்கினா கணக்குப்படி 28 டிகேஎச் ஏறும், அதுக்கப்புறம் பவளமாவது ஒன்னாவது. கரண்ட் போய் வந்தா கடிகாரம் பன்னெண்டு மணிக்கே திரும்பிடுற மாடலும் உண்டு, நம்ம ஊர்ல வாங்கும்போது பாட்டரி பேக்கப் இருக்கான்னு கேட்டுக்குங்க, இல்லன்னா இன்வெர்ட்டர் லைன்ல குடுங்க.

எழுதறப்ப எங்கயும் தடுக்கல. 'அளவெக்கி' போட்டா 'அளவெக்கினேன்'னு எழுதணும், அது என்னமோ படி ஏறி எதையோ எட்டி எடுக்குற மாதிரி இருக்கு.

டோஸ்க்கு மட்டும் 'மருந்தளவு' வேணாம், பேக்கிங் சோடா மருந்தா? மூணு வேள மாத்திரைன்னு சொல்றோமே, அந்த 'வேளை'யே போதும். வேளைக்கு ஒன்றரை மில்லி, நாளுக்கு 24 வேளை. ஷெட்யூலுக்கு இப்போதைக்கு 'வேளைக்கணக்கு'ன்னு எழுதி வெச்சிருக்கேன், அக்கா ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும், வேற நல்லதா இருந்தா போடுங்க.