எல்லாரும் "வேண்டாம்" என்ற பிறகு எப்படித் தொடர்ந்து நிற்பது? (கறித்தூள், யாழ்ப்பாணம்)

கோப்பாய்ப்பிள்ளை:
வணக்கம். கம்பஸ் முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருக்காமல், அம்மாவின் கைப்பக்குவத்தில் கறித்தூள் செய்து அரைக் கிலோ பைக்கற்றில் விற்கத் தொடங்கினேன். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் வீட்டிலேயே வறுத்து, மில்லில் பக்கத்தில் நின்று அரைப்பித்து எடுக்கிறோம். ருசியில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் போகிற இடமெல்லாம் இல்லை என்ற பதில்தான். இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்துக் கடைகளில் "வைத்துவிட்டுப் போங்கோ பிள்ளை, விற்றால் காசு தாறம்" என்கிறார்கள், திரும்பப் போய்ப் பார்த்தால் பைக்கற்றுகள் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கின்றன. ஒரு சுப்பர்மார்க்கெட்டில் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு "உதைப் போட ஏலாது" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். வங்கியில் அரச வேலையில் இருக்கிற இரண்டு பேரைப் பிணைக்குக் கூட்டி வரச் சொல்கிறார்கள். "கம்பஸ் படித்த பிள்ளை தூள் விற்குதாம்" என்று சொந்தக்காரர் கதைப்பது அம்மாவின் காதுக்கும் வந்து, அவரும் இப்போது போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நிற்கிறார்.

நிராகரிப்பை உந்துசக்தியாக மாற்று என்று யூடியூபில் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு வருவது கோபமும் அழுகையும்தான். இதை வைத்து அடுத்த நாள் எழும்பி வேலை செய்வது எப்படி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ.

வடமராட்சியான்:
கோபம் வருவது நல்லதுதான் தங்கச்சி, ரோசம் இல்லாமல் தொழில் செய்ய ஏலாது. வீடுகளை நாள் வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி இணையத்தளத்தைத் தொடங்கியவர்கள் 2008 இல் ஒன்றரை இலட்சம் டொலர் தேடி ஏழு முதலீட்டாளர்களிடம் கேட்டார்கள். ஐந்து பேர் மறுத்தார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. நிறுவனர்களில் ஒருவரான பிரையன் செஸ்கி 2015 இல் அந்த மறுப்பு மின்னஞ்சல்களை எல்லாரும் பார்க்க வெளியிட்டார். பிரையன் அக்டனை 2009 இல் பேஸ்புக் வேலைக்கு எடுக்கவில்லை, அவர் சேர்ந்து தொடங்கிய வட்ஸ்அப்பை வாங்க 2014 இல் அதே பேஸ்புக்தான் 19 பில்லியன் டொலர் பேசியது. ஆகவே கடைக்காரர் சொல்லை வைத்து உங்கள் சாமானை எடைபோடாதேயுங்கோ. வைராக்கியமாக நில்லுங்கோ.

சுன்னாகம் கடைக்காரன்:
தம்பி சொன்னது உண்மை, ஆனால் மிச்சக் கதையையும் சொல்ல வேணும். ஏர்பிஎன்பிக்காரர் ரோசத்தோடு மட்டும் நிற்கவில்லை. 2009 இல் நியூயோர்க்குக்குப் போய், வீட்டை வாடகைக்கு விட்டவர்களையே நேரில் சந்தித்தார்கள். வீடுகளின் படங்கள் சரியில்லை என்று கண்டு தாங்களே நல்ல படம் எடுத்துப் போட்டார்கள், பதிவு கூடியது. மறுப்பைக் கேட்டுவிட்டு அதே சாமானை அதே பையில் அதே கடைக்குத் திரும்பக் கொண்டுபோனால் எவ்வளவு வைராக்கியம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

பிள்ளை, நான் கடை நடத்துகிறவன், எங்கள் பக்கத்தையும் கேளுங்கோ. யாழ்ப்பாணத்தில் அநேகமான வீடுகளில் தங்களுக்கென்று ஒரு தூள் இருக்கும். அம்மாவோ மாமியோ வறுத்து, மில்லில் கொடுத்து எடுத்துப் போத்தலில் போட்டு வைத்திருப்பார்கள், அந்தக் கை மாறினால் கறி இறங்காது என்று சொல்லும் ஊர் இது. இங்கே கடையில் தூள் தேடி வருவது பெரும்பாலும் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற, வேலை செய்கிற பிள்ளைகள், அவர்களுக்கு அரைக் கிலோ பைக்கற் எதற்கு? 50 கிராம், 100 கிராம் என்றால் நான் கண்ணில் படும்படி முன்னுக்கு வைப்பேன். பெரிய பைக்கற் ஓடுகிற இடம் கொழும்பில் வெள்ளவத்தை, பிறகு வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்து போகிறவர்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வந்து திரும்புகிறவர்களின் பெட்டிகளைப் பாருங்கோ, தூள் இல்லாத பெட்டி அருமை. உங்கள் தூளை யாரும் மறுக்கவில்லை பிள்ளை. தூள் இருக்கிற வீட்டுக்கே தூள் கொண்டு போனதைத்தான் மறுத்திருக்கிறார்கள்.

நல்லூர் அக்கா:
கடைக்கார அண்ணை சொன்னதுதான் சரி. நானும் ஊறுகாய் போட்டு விற்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்களுக்குக் கிடைத்த மறுப்புகள் எல்லாம் ஒரே மறுப்பு இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து மனதில் போட்டால் ஊரே நம்மை வேண்டாம் என்கிற மாதிரி இருக்கும், அதுதான் அழுகை வருகிறது. பிரித்துப் பாருங்கோ.

சுப்பர்மார்க்கெட்டில் புரட்டிப் பார்த்தவர் ருசி பார்க்கவே இல்லை, அவர் பார்த்தது லேபிளை. உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தேறிய நிறை, தொகுதி இலக்கம், உங்கள் முகவரி எல்லாம் அதில் இருக்கிறதா? பார்கோட் இருக்கிறதா? இலங்கைக்கு 479 இல் தொடங்கும் இலக்கம், பார்கோட் இலக்கம் வழங்கும் ஜீஎஸ்1 நிறுவனம் மூலம் கொழும்பில் பதிந்து எடுக்க வேணும். அதற்கு முதல் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. வங்கியிலும் "ஏலாது" என்றதோடு எழும்பி வராதேயுங்கோ, எந்தக் கடிதம் இருந்தால் தருவீர்கள் என்று அந்த மேசையிலேயே கேளுங்கோ. உங்கள் பெயரிலான கிறிப் அறிக்கையை, அதாவது கடன் வாங்கிக் கட்டிய விபரப் பதிவை, நீங்களே எடுத்துப் பார்க்கலாம். விற்கிற காசை வங்கிக் கணக்கு ஊடாகவே போட்டு எடுங்கோ, அடுத்த முறை காட்டுவதற்கு ஏதாவது இருக்கும்.

சொந்தக்காரர் விஷயம் வேறு. அவர்கள் உங்கள் தூளை வாங்கப் போகிறவர்கள் இல்லை, அவர்களுக்கு மறுமொழி சொல்லத் தேவையில்லை. ஆனால் அம்மாவின் பயம் உண்மையான பயம், அதைத் தள்ளிவிட ஏலாது. மாதம் மாதம் வரவு செலவுக் கொப்பியை அவருக்கு முன்னால் விரித்து வையுங்கோ.

கோப்பாய்ப்பிள்ளை:
அக்கா, அண்ணை, மிகவும் நன்றி. இன்றைக்குத் திரும்பவும் அந்த சுப்பர்மார்க்கெட்டுக்குப் போய் என்ன குறை என்று கேட்டேன். பார்கோட் இல்லை, அப்புறம் பை மங்கலாக இருக்கிறது, உள்ளே தூள் கட்டி பட்டிருக்கிறது என்று அந்தப் பொடியன் பொறுமையாகச் சொன்னான். பார்கோட் எடுக்கலாம். 100 கிராம் பைக்கற்றும் போடப் போகிறேன். இந்தக் கட்டி படுவதற்கு என்ன செய்வது?

சுன்னாகம் கடைக்காரன்:
மில்லில் இருந்து வந்த சூட்டோடு பையில் போடுகிறீர்கள் போல. சுடு தூளில் இருந்து ஆவி எழும்பிப் பைக்குள்ளேயே தண்ணீராகும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி, மேலே மெல்லிய துணி போட்டு, நன்றாக ஆறின பிறகு கட்டுங்கோ. வறுக்க முதல் செத்தலை வெயிலில் காயவிடுங்கோ, கையால் ஒடித்தால் சத்தம் கேட்க வேணும். பொலித்தீன் பையை விட்டு, உள்ளே அலுமினியம் ஒட்டின பைக்கு மாறுங்கோ, மணமும் நிறமும் நிற்கும். 100 கிராம் பைக்கற் முடிந்ததும் எனக்கு ஒரு டசின் கொண்டு வாங்கோ, காசு கையோடு தாறன்.